64,000 ரூபாய்க்கு வெள்ளைத் தாள் வாங்கினேன்: வெப்சைட் போடப் போகிறவர்கள் கவனத்துக்கு

நேற்று ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்லை. 64,000 ரூபாய் போயிருக்கிறது. வெப்சைட் செய்து தருகிற ஒரு இடத்தில் ஏமாந்துவிட்டேன். பெயரைப் போட வேண்டாம் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார், அதனால் யாரும் கேட்காதீர்கள். வெளியூரில் மாடியில் இருக்கும் சின்ன ஆபீஸ், நான்கு கம்ப்யூட்டர், சுவரில் ஒரு பெரிய டிவி. இந்த அடையாளம் போதும். என்னென்ன பார்த்துப் பணம் கொடுக்க வேண்டும் என்று கடைசியில் பத்துப் பாயிண்ட் போடுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் ஊர் மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் நடுவில். மாமியார் காலத்திலிருந்து கருவாட்டு வியாபாரம். நெத்திலி, சூடை, காரல், சீலா, திருக்கை, அப்புறம் முண்டு மிளகாய் வற்றல், சாயல்குடிக் கருப்பட்டி என்று மொத்தம் 14 பொருள். வாட்ஸ்அப்பிலேயே ஓடிக்கொண்டிருந்தது. கீழக்கரையிலிருந்து வளைகுடாவுக்குப் போனவர்கள்தான் முக்கால்வாசி வாடிக்கை. 2025 ஏப்ரலில் பாம்பன் புதுப் பாலம் திறந்ததும், ராமேஸ்வரம் வருகிறவர்கள் போனில் தேடினால் நம் கடையும் வரட்டுமே என்று ஆசை வந்தது. முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு வேறு கிடைத்திருந்தது. பெயரைக் கேள்விப்பட்டுத் தேடுகிறவர்கள் இருப்பார்கள்தானே?

இந்த வருஷத் தடைக்காலத்துக்கு முன்னால் வெப்சைட் வேண்டும் என்பது என் கணக்கு. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. பச்சை மீன் குறையும்போதுதான் கருவாட்டுக்குக் கிராக்கி.

பிப்ரவரியில் அந்த ஆபீஸ் தம்பி வீட்டுக்கே வந்தார். இருபத்தேழு வயது இருக்கும். திண்ணையில் உட்கார்ந்து டீ குடித்தார். மாடியில் காய்கிற நெத்திலியைப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்: "அக்கா, இப்ப நிறைய பேரு ரியாக்ட்டுன்னு ஒரு கருவியில வெப்சைட் பண்ணித் தர்றாங்க. அவங்க பண்ற முறையில சர்வர்லேருந்து, அதாவது வெப்சைட்டை வச்சிருக்கிற கம்ப்யூட்டர்லேருந்து, வெறும் தாள்தான் வரும். கூடவே ஒரு மூட்டை ஜாவாஸ்கிரிப்ட்ங்கிற புரோகிராம் வரும். கஸ்டமர் போன்தான் அதை ஓட்டி, பக்கத்தை உண்டாக்கணும். நீங்க பச்சை மீனையும் உப்பையும் பார்சல்ல போட்டு, நீங்களே வெயில்ல காயவச்சுக்கங்கன்னு சொன்னா எப்படி இருக்கும்? அப்படித்தான் அது. நாங்க பண்றது சர்வர் சைடு ரெண்டரிங். எல்லாத்தையும் சர்வர்லயே காயவச்சு, முழுப் பக்கமா அனுப்பிடுவோம்."

எனக்குச் சுருக்கென்று புரிந்துவிட்டது. "அப்புறம் பட்டன் எல்லாம் எப்படித் தம்பி வேலை செய்யும்?" என்று கூடக் கேட்டேன். "அதுக்குப் பேரு ஹைட்ரேஷன்க்கா. பக்கம் முதல்ல தெரிஞ்சுடும். ஜாவாஸ்கிரிப்ட் பின்னாடி வந்து அதுக்கு உயிர் கொடுக்கும். கருவாட்டை வெந்நீர்ல ஊறப்போடுவீங்கள்ல, அது மாதிரி."

இங்கேதான் விழுந்தேன். என் தொழிலை வைத்தே எனக்குப் பாடம் சொன்ன ஆளை எப்படிச் சந்தேகப்படுவது? இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 'நாங்க பண்றது' என்றதைத் தவிர, அவர் கொடுத்த விளக்கத்தில் ஒரு வார்த்தை பொய் இல்லை. நேற்று விசாரித்த பிறகும் அந்த விளக்கம் அத்தனையும் சரி என்றுதான் தெரிகிறது. அவர் விவரம் தெரியாமல் செய்த தப்பு என்று விட்டுவிட முடியாததும் அதனால்தான்.

கொட்டேஷனில் டிசைன் 26,000, சர்வர் சைடு ரெண்டரிங் 28,000, ஒரு வருஷ சர்வர் வாடகை 10,000. ஆக 64,000. சீட்டு எடுத்த பணத்தில் 40,000 அன்றைக்கே ஜிபே செய்தேன். ஏப்ரல் 10-ஆம் தேதி அவர் தன் போனில் காட்டினார். பக்கம் கண்ணிமைக்கும் முன் வந்து நின்றது. மீதி 24,000-ஐயும் அனுப்பினேன். முன்பே திறந்து பார்த்த போனில் எல்லாம் ஏற்கெனவே இறங்கியிருக்கும் என்பது அப்போது எனக்கு எங்கே தெரியும்?

முதல் அடி இரண்டு நாளில் விழுந்தது. நெத்திலிப் பக்கத்தின் லிங்க்கை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். படம் வரவில்லை, விலை வரவில்லை. லிங்க்குக்கு மேலே "ரியாக்ட் ஆப்" என்று ஆங்கிலத்தில் இரண்டே வார்த்தை. சீலா லிங்க் போட்டாலும் ரியாக்ட் ஆப். கருப்பட்டி போட்டாலும் ரியாக்ட் ஆப். துபாயிலிருந்து ஒரு அண்ணன், "என்னம்மா, யாருக்கு ஆப்பு?" என்று கேட்டார். எனக்குத்தான் அண்ணே.

போன் போட்டேன். "கேஷ் கிளியர் பண்ணுங்கக்கா." போன் சேமித்து வைத்திருக்கும் பழைய பக்கங்களை அழிப்பதாம். பண்ணினேன். வாடிக்கையாளர்களும் வெள்ளைத் திரையில் வட்டம் சுற்றுகிறது என்று படம் பிடித்து அனுப்ப ஆரம்பித்தார்கள். "உங்க ஊர் சிக்னல் அப்படிக்கா, நான் என்ன செய்ய முடியும்?" துபாயிலுமா எங்கள் ஊர் சிக்னல்? கூகுளில் கடைப் பெயரைப் போட்டால் மட்டும் எங்கள் வெப்சைட்டின் முதல் பக்கம் வருகிறது, முண்டு மிளகாய் என்று தேடினால் நாங்கள் இல்லவே இல்லை என்றேன். "கூகுளுக்கு மூணு மாசம் ஆகும் மேடம்." கவனித்தீர்களா? பணம் முழுசாகப் போன பிறகு அக்கா மேடமாகிவிட்டேன்.

மே மாதம் கொஞ்சம் குரலை உயர்த்தினேன். உடனே வீடியோ காலில் வந்து, கம்ப்யூட்டரில் ரைட் கிளிக் செய்து இன்ஸ்பெக்ட் என்று ஒன்றைத் திறந்தார். அதில் நெத்திலி, சூடை, விலை எல்லாம் வரிசையாக இருந்தன. "பாருங்க மேடம், எல்லாம் எச்.டி.எம்.எல்-லயே இருக்கு. இதுதான் சர்வர் சைடு." சரி, நமக்குத்தான் விவரம் போதவில்லை என்று வாயை மூடிக்கொண்டேன். அதோடு இன்னும் ஒரு மாதம் போயிற்று. தடைக்காலமும் முடிந்துவிட்டது. 61 நாளில் வெப்சைட் வழியாக வந்த ஆர்டர் மூன்று. அதில் ஒன்று என் தங்கை போட்டது.

நேற்று அக்கா மகன் வந்திருந்தான். சென்னையில் இதே மாதிரி வேலையில் இருக்கிறான். சோறு போட்டுக்கொண்டே புலம்பினேன். சாப்பிட்ட கையைத் துடைத்துவிட்டு லேப்டாப்பில் என் பக்கத்தைத் திறந்தான். கண்ட்ரோல், யூ, இரண்டே பட்டன். சர்வர் உண்மையில் அனுப்புவது அதில்தான் தெரியுமாம். நாலு பொருள் பெயராவது இருக்கும் என்று எட்டிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. ரூட் என்று பெயர் வைத்த ஒரு காலிப் பெட்டி. அதற்கு மேல், இந்த ஆப் ஓட வேண்டுமானால் ஜாவாஸ்கிரிப்டை இயக்குங்கள் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. முடிந்தது.

"அப்ப இன்ஸ்பெக்ட்ல காட்டினாரேடா?"

"அது ஜாவாஸ்கிரிப்ட் ஓடி முடிச்சதுக்கு அப்புறம் உள்ள பக்கம் சித்தி. எந்த வெப்சைட்டா இருந்தாலும் அதுல எல்லாம் தெரியும். சர்வர் என்ன குடுத்துச்சுன்னு அதை வச்சுச் சொல்ல முடியாது."

வாட்ஸ்அப் லிங்க்கை எட்டிப் பார்க்கும்போது ஜாவாஸ்கிரிப்டை ஓட்டாதாம். வந்த தாளில் எழுதியிருப்பதை மட்டும் எடுத்துக் காட்டுமாம். அதனால்தான் ரியாக்ட் ஆப். அது கிரியேட் ரியாக்ட் ஆப் என்ற கருவி தானாகவே போட்டு வைக்கிற தலைப்பு, அதைக்கூட மாற்றாமல் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கருவியில் இனிப் புதிதாக எதுவும் தொடங்காதீர்கள் என்று ரியாக்ட் குழுவே 2025 பிப்ரவரியில் அறிவித்துவிட்டதாம். கூகுள் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டிப் பார்க்கும், ஆனால் வரிசையில் போட்டுத்தான் பார்க்கும். அதுவும் என் பக்கத்தில் பொருளுக்குப் போகிற பட்டன் எதிலும் முறையான லிங்க் இல்லாததால் முதல் பக்கத்தோடு திரும்பிப் போய்விட்டது என்றான். வருஷத்துக்கு 10,000 வாங்கிய சர்வர்? வெப்சைட்டுக்கு இடம் தருகிற, காசே வாங்காத ஒரு ஹோஸ்டிங்கில் ஃபைல்களை மட்டும் ஏற்றி வைத்திருக்கிறார்கள். அங்கே ரெண்டரிங் செய்ய எதுவுமே ஓடவில்லை.

இதையெல்லாம் கூடப் பொறுத்துக்கொண்டேன். கடைசியாக அவன் சொன்னதுதான் வயிற்றில் புளியைக் கரைத்தது. "சித்தி, உனக்கு 14 பொருள். விலை வாரத்துக்கு ஒருதரம் மாறுது. உனக்கு சர்வர் சைடு ரெண்டரிங்கே தேவையில்லை. முன்கூட்டியே 14 பக்கத்தையும் முழுசா உண்டாக்கி வச்சா போதும், விலை மாறுறப்ப மறுபடி உண்டாக்கிக்கலாம். இப்ப இருக்கிற ஓசி ஹோஸ்டிங்கே அதுக்குத் தாங்கும்." ஆக, தேவையே இல்லாத ஒன்றுக்கு 28,000 கொடுத்து, அதுவும் கிடைக்கவில்லை.

இன்று காலை பத்து மணிக்கு அந்தத் தம்பியைக் கூப்பிட்டு, கண்ட்ரோல் யூ அழுத்தினால் வருகிற சோர்ஸில் ஏன் ஒன்றுமில்லை என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "பக்கம் தெரியுதுல்ல மேடம்? தெரிஞ்சா ரெண்டர் ஆயிடுச்சுன்னுதான் அர்த்தம்." அடுத்து, டெவலப்பர் லீவு. அடுத்து, 18,000 கொடுத்தால், சர்வரிலேயே பக்கத்தை உண்டாக்கக்கூடிய நெக்ஸ்ட் ஜேஎஸ் என்ற கருவிக்கு அப்கிரேட் செய்து தருவார்களாம். ஒரு கிலோ நெத்திலியில் எனக்கு நிற்பது அறுபது, எழுபது ரூபாய். 64,000 என்றால் ஏறக்குறைய ஆயிரம் கிலோ. ஆயிரம் கிலோவைக் கழுவி, உப்புப் போட்டு, காக்கைக்கும் நாய்க்கும் காவல் இருந்து பாருங்கள், தெரியும்.

பத்துப் பாயிண்ட் என்றேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. மீதிப் பணம் கொடுக்கும் முன் நீங்களே ஒரு கம்ப்யூட்டரில் கண்ட்ரோல் யூ அழுத்தி, வருவதில் உங்கள் பொருளின் பெயரைத் தேடுங்கள். இன்ஸ்பெக்ட்டில் காட்டினால் நம்பாதீர்கள். ஒரு பொருளின் லிங்க்கை உங்களுக்கு நீங்களே வாட்ஸ்அப்பில் அனுப்பிப் படம் வருகிறதா என்று பாருங்கள். பக்கத்தை அவர்கள் போனில் பார்க்காதீர்கள், இதுவரை அதைத் திறக்காத ஒரு போனில் பாருங்கள். டொமைனை, அதாவது வெப்சைட்டின் முகவரியை, உங்கள் ஈமெயிலில் உங்கள் பெயரில் வாங்குங்கள்.

கடைசியாகச் சொன்னதை நான் செய்யவில்லை. டொமைன் அவர்கள் பெயரில்தான் இருக்கிறது. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மெசேஜ் வந்திருக்கிறது: "மேடம், டொமைன் டிரான்ஸ்ஃபர் சார்ஜ் 3,500." ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன். இன்னும் பதில் போடவில்லை.