முன்கதவு இல்லாத வீடு: ஜாக்சனில் எவர்ஸ் குடும்பத்தின் இல்லம்

தெருவில் நின்று பார்த்தால் இந்த வீட்டுக்கு வாசலே தெரியாது. மிசிசிப்பியின் தலைநகர் ஜாக்சனில், மார்கரெட் வாக்கர் அலெக்சாண்டர் டிரைவ் 2332. உள்ளே போகும் வழி பக்கவாட்டில், கார் நிற்கும் போர்டிகோவுக்குள் இருக்கிறது. கறுப்பின மக்களின் உரிமைகளுக்காகப் போராடும் என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பின் மிசிசிப்பி களச் செயலாளர் மெட்கர் எவர்ஸும் மனைவி மர்லியும் முன்கதவு வேண்டாம் என்று கேட்டு வாங்கிய வீடு இது. குறிவைக்க வருபவனுக்கு வாசல் கண்ணில் படக்கூடாது.

பழைய நூல்களில் இதே தெருவுக்கு கைன்ஸ் தெரு என்று பெயர் இருக்கும், குழம்ப வேண்டாம். அமெரிக்க தேசியப் பூங்கா சேவை நடத்தும் நினைவிடம், கட்டணம் இல்லை. வழிகாட்டியோடு மட்டுமே உள்ளே போகலாம். வீடு சின்னது, மூன்றே படுக்கையறை; ஆகவே திறந்திருக்கும் நாளை முன்கூட்டியே பார்த்துப் பதிவு செய்துவிட்டுப் போவது நல்லது. சும்மா போனால் வெளியிலிருந்து பார்த்துவிட்டுத் திரும்ப நேரிடும். அக்கம்பக்கம் குடும்பங்கள் வாழும் வீடுகள், அவர்கள் வாசலை மறித்துக் காரை நிறுத்தாதீர்கள்.

வருபவர்கள் பெரும்பாலும் போர்டிகோவைத்தான் தேடுவார்கள். 1963 மே மாத இறுதியில் அங்கே பெட்ரோல் குண்டு விழுந்தது. தோட்டத்துக் குழாயைப் பிடித்து மர்லி அணைத்தார். ஜூன் 12 நள்ளிரவு தாண்டிய வேளையில் காரை விட்டு இறங்கிய மெட்கர் போர்டிகோவை ஒட்டிய கார் பாதையில் சுடப்பட்டார். முதுகில் பாய்ந்த தோட்டா முன் ஜன்னலைத் துளைத்து, உட்சுவரைத் தாண்டி, சமையலறை ஃபிரிட்ஜில் மோதித் திரும்பியது. அறைக்குள் நின்றால் அந்தத் தடம் எவ்வளவு நேர்கோடு என்பது புரியும்.

ஆனால் இந்த வீட்டில் அதிக நேரம் நிற்க வேண்டிய இடம் பிள்ளைகளின் அறை. அப்போது டாரலுக்கு 9, ரீனாவுக்கு 8, வேனுக்கு 3 வயது. ஜன்னல் மட்டத்துக்குக் கீழே உடம்பு இருக்கட்டும் என்று படுக்கைகளைத் தாழ்வாகப் போட்டிருந்தார்கள். சத்தம் கேட்டால் தரையில் விழுந்து, தவழ்ந்து, குளியல்தொட்டிக்குள் போய்ப் படுக்கவும் பழக்கியிருந்தார்கள். இந்தப் பயிற்சி வீட்டுக்குள் எந்த வழியாக நடந்திருக்கும் என்று வழிகாட்டியிடம் கேளுங்கள். படுக்கையறைக்கும் குளியலறைக்கும் உள்ள தூரத்தை நேரில் பார்ப்பதற்காகவே இங்கே வரலாம்.

ஒரு குறை: வீடு 1963-இல் நின்றுவிடுகிறது. அடுத்த முப்பது வருடங்களை அறைகள் சொல்லாது. மர்லி 1964-இல் பிள்ளைகளோடு கலிஃபோர்னியா போய், போமோனா கல்லூரியில் பட்டம் பெற்றார். 1964-இல் இரு முறை ஜூரி ஒருமனப்படாமல் கலைந்த கொலை வழக்கு மீண்டும் உயிர்பெற, அவர் பத்திரமாக வைத்திருந்த விசாரணைப் பதிவின் பிரதி கைகொடுத்தது. கொலையாளி பைரன் டி லா பெக்வித்துக்கு 1994-இல் தண்டனை கிடைத்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் குடும்பம் வீட்டை டூகலூ கல்லூரிக்குக் கொடுத்திருந்தது. டாரல் 2001-இல் காலமானார். தந்தைக்கான அதிபர் சுதந்திரப் பதக்கத்தை 2024-இல் ரீனா பெற்றுக்கொண்டார். இதையெல்லாம் படித்துவிட்டுப் போனால்தான், 2020-இல் நிறுவப்பட்ட நினைவிடத்தின் பெயரில் மெட்கரோடு மர்லியும் ஏன் இருக்கிறார் என்பது விளங்கும்.

கொலைக்குப் பயன்பட்ட என்ஃபீல்ட் ரைஃபிள் அதே ஊரில், மிசிசிப்பி குடிமை உரிமைகள் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதைப் பிறகு பாருங்கள். முதலில் அங்கே போய்விட்டு வந்தால், இங்கே கண் தோட்டா போன வழியைத்தான் தேடும். பிள்ளைகளின் தாழ்ந்த படுக்கையில் நிற்காது.