இலக்கத்தைப் பார்த்தேன், காட்டைப் பார்க்கவில்லை

கிளிநொச்சியில் இருந்து எழுதுகிறேன். பழைய கூடைப்பந்துக் காட் (வீரர்களின் படம் அடித்த மட்டை) சேர்க்கிற எங்கட பெடியளுக்குத்தான் இது. மற்றவர்களும் வாசிக்கலாம், சிரிக்கலாம். நானே பாதி சிரித்து முடித்துவிட்டேன்.

போன மாசியில் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் ரூபா கொடுத்து ஒரு மைக்கல் ஜோர்டன் காட் வாங்கினேன். 1986இல் பிளியர் என்ற நிறுவனம் அடித்த தொகுதியில் 57ஆம் இலக்கம். அது போலி.

காசு அனுப்புவதற்கு முதல்நாள் அம்மாவிடம் சொன்னேன்: "அம்மா, ஒரு காட்டுக்கு ரெண்டு லட்சத்துக்கு மேல குடுக்கப் போறன்."

"எங்க, முத்தையன்கட்டுப் பக்கமோ? எத்தின ஏக்கர்? உறுதியோ, பெமிற்றோ?"

விளங்கப்படுத்த அரை மணித்தியாலம் போனது. உள்ளங்கைக்குள் அடங்குகிற மட்டை என்று தெரிந்ததும் அவ எழும்பி அடுப்படிக்குப் போய்விட்டா. ஆனால் அவ கேட்ட கேள்வி எவ்வளவு சரியானது என்பது எனக்கு இரண்டு கிழமை கழித்துத்தான் உறைத்தது.

இந்தப் பைத்தியம் எப்படித் தொடங்கியது என்று கேட்பவர்களுக்கு: ஸ்காபரோவில் இருக்கிற பெரியப்பாவின் மகன்தான் காரணம். 2019இல் ரொறன்ரோ ராப்ரர்ஸ் கிண்ணம் வென்ற ஆண்டு. பிலடெல்பியாவுடன் ஏழாவது ஆட்டம், கடைசி நொடியில் கவாய் லெனர்ட் எறிந்த பந்து வளையத்தில் நாலு தரம் துள்ளி உள்ளே விழுந்ததே, அதை இங்கே விடியக்காலையில் போனில் பார்த்தேன். அடுத்த முறை ஊருக்கு வந்தபோது அண்ணா ஒரு சப்பாத்துப் பெட்டி நிறையக் காட் கொண்டுவந்தார். எல்லாம் ஒன்று, இரண்டு டொலர்ச் சாமான். எனக்கு அது போதும். சின்ன வயதில் முத்திரை சேர்த்தேன். அந்த அல்பம் 2009இல் ஏதோ ஒரு பங்கருக்குப் பக்கத்தில் போனது. பிறகு எதையும் சேர்க்கிற மனம் வரவில்லை, இந்தப் பெட்டி வரும்வரை.

ஜோர்டனின் அந்தக் காட்டுக்கு ஏன் இவ்வளவு மவுசு? அவர் என்பிஏ எனும் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துக்குள் வந்தது 1984இல். ஆனால் அந்த நேரம் கூடைப்பந்துக் காட்டை வாங்க ஆளில்லை. ரொப்ஸ் நிறுவனம் 1981-82 பருவத்தோடு என்பிஏ காட் அடிப்பதையே நிறுத்திவிட்டது. இடையில் ஸ்ரார் என்ற சிறிய நிறுவனம் அணி அணியாகப் பையில் போட்டு விற்றது, கடையில் பக்கற்றாக வரவில்லை. 1986இல் பிளியர் 132 காட் கொண்ட ஒரு தொகுதியை இறக்கியது. பக்கற்றுக்குப் பன்னிரண்டு காட், ஒரு ஸ்ரிக்கர், ஒரு சுவிங்கம். நாலைந்து வருடமாகத் தேங்கியிருந்த புதுமுகங்கள் எல்லாம் அந்த ஒரே தொகுதிக்குள் வந்து விழுந்தார்கள்: ஜோர்டன், பார்க்லி, ஒலாஜுவன், யூவிங், கார்ல் மலோன். அப்போது கடைத் தட்டில் தூங்கிய சரக்கு. அதே ஜோர்டன் காட், பத்துக்குப் பத்துத் தரத்தில், 2021 தை மாதம் ஏலத்தில் 738,000 டொலருக்குப் போனது. சில மாதங்களிலேயே விலை வெகுவாக இறங்கியது என்பது வேறு கதை.

அதற்கும் மேலே ஒரு உலகம் இருக்கிறது. 2003-04இல் அப்பர் டெக் நிறுவனம் 'எக்ஸ்குவிசிட்' என்று ஒரு தொகுதியை இறக்கியது. ஐந்து காட் கொண்ட ஒரு பெட்டி அப்போது ஐந்நூறு டொலர். அதில் லெப்ரோன் ஜேம்ஸின் கையெழுத்தும் ஜேர்சித் துண்டும் பதித்த காட் வெறும் 99தான் அடித்தார்கள், ஒவ்வொன்றிலும் எத்தனையாவது என்று இலக்கம் இருக்கும். ஜேர்சியில் உள்ள என்பிஏ சின்னத்தையே வெட்டிப் பதித்தால் அதற்கு 'லோகோமேன்' என்று பெயர். ஜோர்டன், கோபி பிறயன்ற் இருவரின் சின்னமும் கையெழுத்தும் ஒன்றாக உள்ள ஒரேயொரு காட் 2025 ஆவணியில் 12.9 மில்லியன் டொலருக்குப் போனது. அவர்கள் போட்டு வியர்த்த சட்டையின் துண்டு, அவர்கள் கைபட்ட மை, உலகத்தில் வேறு யாரிடமும் இல்லை. கோயில் நூலுக்கும் விபூதிப் பொட்டலத்துக்கும் பெறுமதி தெரிந்த எங்களுக்கு இது விளங்காத விசயமில்லை.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

ஒரு வட்ஸ்அப் குழுவில்தான் ஆள் அறிமுகம். கொழும்பில் இருப்பதாகச் சொன்னார். நல்ல தமிழ், "தம்பி, தம்பி" என்றுதான் கதை. வெளிநாட்டில் இருந்து வந்த மாமாவின் சேகரிப்பாம், வைத்தியச் செலவுக்கு அவசரமாக விற்க வேண்டுமாம். காட் பி.எஸ்.ஏ என்ற தரம் பார்க்கிற நிறுவனத்தின் கூட்டுக்குள் இருந்தது, தரம் 4. இந்த நிறுவனம் அமெரிக்காவில் 1991இல் தொடங்கியது. காட்டின் மூலை, ஓரம், மேற்பரப்பு, படம் நடுவில் இருக்கிறதா என்பதையெல்லாம் பார்த்து ஒன்றில் இருந்து பத்துவரை தரம் போட்டு, பிளாஸ்ரிக் கூட்டுக்குள் வைத்து ஒட்டிவிடுவார்கள். மேலே ஒரு சான்று இலக்கம். அந்த இலக்கத்தை அவர்களின் தளத்தில் அடித்தால் எந்தக் காட், என்ன தரம் என்று வரும்.

நான் அடித்தேன். வந்தது. 1986 பிளியர், மைக்கல் ஜோர்டன், 57, தரம் 4. அதோடு என் மூளை கதவைச் சாத்திவிட்டது.

தரம் 4 என்றாலும் அந்தக் காட் ஆயிரக்கணக்கான டொலர் போகும் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆள் கேட்டதோ அதில் ஒரு பங்குதான். சந்தேகப்பட வேண்டிய இடத்தில் முறிகண்டிப் பிள்ளையாரின் அருள் என்று நினைத்தேன். வெளிச்சத்தில் சரித்துப் பிடித்து ஒரு வீடியோ அனுப்பச் சொன்னபோது "இஞ்ச லைற் சரியில்லை தம்பி, விடிய எடுத்து விடுறன்" என்றார். விடிந்தது, வீடியோ வரவில்லை. "வவுனியாவில ஒருத்தர் முழுக் காசோட நிக்கிறார்" என்று மட்டும் வந்தது. அன்றே பாதியை வங்கியில் போட்டேன். கணக்கு இன்னொருவர் பெயரில். "மச்சாளின்ர கணக்கு" என்றார். அதையும் நம்பினேன். பார்சல் பஸ்ஸில் ஏறியதற்குப் படம் வந்ததும் மீதியைப் போட்டேன்.

யாழ்ப்பாணம் போகிற இரவுப் பஸ் கரடிப்போக்குச் சந்திக்கு வர விடியப்புறம் நாலரை. பனிக்குள் மோட்டார் சைக்கிளில் போய் நின்றேன். கொண்டக்டர் பிஸ்கற் பெட்டி ஒன்றை யன்னலால் நீட்டி முந்நூறு ரூபா வாங்கிக்கொண்டார். யார் தந்தது என்று கேட்க, "புறக்கோட்டையில ஆரோ பெடியன் ஏத்திவிட்டவன்" என்பதோடு பஸ் போய்விட்டது.

பத்து நாள் அதைச் சாமித்தட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் ஒரு சின்ன நெருடல். நாலு மூலையும் தேய்ந்திருந்தன. ஆனால் நாலும் ஒரே அளவில், மண்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி. கிட்டத்தட்ட நாற்பது வருடம் கைமாறிய மட்டை அப்படித் தேயாது. ஒரு மூலை நசியும், இன்னொன்று தப்பும். மற்றபடி காட்டில் ஒரு குறையும் இல்லை. படம் அச்சொட்டாக நடுவில். அப்படியானால் ஏன் வெறும் 4?

எனக்குத் தெரிந்த நகைப் பத்தரிடம் எடுத்துப் போனேன். அவர் கல் பார்க்கிற கண்ணாடி வைத்திருக்கிறார். கூடவே அண்ணா தந்த பெட்டியில் இருந்து அதே 1986 பிளியர் தொகுதியின் டனி ஏஞ்ச் காட்டையும் கொண்டுபோனேன், சில டொலர்தான் பெறும். (ஏஞ்ச் முதலில் ரொறன்ரோ புளூ ஜேஸ் அணிக்குப் பேஸ்போல் ஆடியவர், அதனால் அண்ணாவுக்கு அவரில் ஒரு பாசம்.) ஏஞ்ச் காட்டின் பின்பக்கத்தைக் கண்ணாடிக்குக் கீழே பிடித்தால் எழுத்துகள் மை நிரம்பிக் கூராக நின்றன. புள்ளிகள் முன்பக்கப் படத்தில் மட்டும். என் ஜோர்டனைத் திருப்பினால் எழுத்தே புள்ளி புள்ளியாக உதிர்ந்தது, ஓரம் பிசிறியது. பத்தர் இரண்டையும் ஒரு தரம்தான் பார்த்தார்.

"இது அச்சில அடிச்சது. அது, அச்சில அடிச்சதைப் படம் பிடிச்சு திரும்ப அடிச்சது."

பிறகு கூட்டின் ஓரத்தை நகத்தால் சுரண்டிக் காட்டினார். பசை வெள்ளையாக உதிர்ந்தது. உண்மையான கூட்டில் பசையே இல்லை. ஒலி அதிர்வில் பிளாஸ்ரிக்கை உருக்கி இணைப்பார்கள்.

வீட்டுக்கு வந்து அந்த இலக்கத்தைத் திரும்பத் தேடினேன், இந்த முறை பழைய ஏலப் படங்களில். கிடைத்தது. அதே இலக்கம் உள்ள உண்மைக் காட்டில் படம் வலப்பக்கம் சரிந்திருக்கிறது, இடப்பக்க மேல் மூலையில் ஒரு மடிப்பு. என்னுடையதில் சரிவும் இல்லை, மடிப்பும் இல்லை. யாரோ எங்கேயோ வைத்திருக்கிற காட்டின் இலக்கத்தைப் பார்த்து லேபல் அடித்திருக்கிறார்கள். ஒரே உறுதியைக் காட்டி இரண்டு பேருக்குக் காணி விற்ற கதைகள் வன்னியில் கேள்விப்படாததா? உறுதி கள்ளமில்லை. அது என்னுடைய காணிக்கு உரியதில்லை, அவ்வளவுதான். இந்தப் படத்தைத் தேட எனக்குப் பத்து நிமிடம் எடுத்தது. காசு போட முதல் அந்தப் பத்து நிமிடத்தை எடுத்திருக்கலாம்.

பொலிசில் முறைப்பாடு கொடுத்தேன். எழுதியவர் "என்ன பொருள்?" என்று மூன்று தரம் கேட்டார். கடைசியில் 'படம் போட்ட மட்டை ஒன்று' என்று பதிந்தார். வங்கிப் பற்றுச்சீட்டும் வட்ஸ்அப் உரையாடலும் கையில் இருந்ததால்தான் அந்தளவாவது நடந்தது, அழித்துவிடாதீர்கள். ஆளின் போன் நிறுத்தம். குழுவில் பெயரே இல்லை.

இதை எழுதாமல் விட்டிருப்பேன், வெட்கம். முந்தநாள் வவுனியாவில் இருந்து ஒரு தம்பி தனிப்பட எழுதினார். "அண்ணை, உங்களுக்கு இதுகள் தெரியுமாம், ஒருக்கா பாருங்கோ" என்று ஒரு படம். விற்பவரின் பெயர் வேறு, இடமும் வேறு, இந்த முறை மாமா இல்லை, சித்தப்பா. ஜோர்டன், தரம் 4. லேபலைப் பெருப்பித்துப் பார்த்தேன். அதே இலக்கம், கடைசி எண் வரை.

என் மேசையில் கிடப்பதைப் படம் பிடித்து உடனே அனுப்பினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு வந்தது:

"அண்ணை, நான் பாதிக் காசு காலமையே போட்டிட்டன்."