ஓடிடி தளங்களின் மூன்றடுக்குப் புகார் சேவை: எதற்கு உதவும், எதற்கு உதவாது

ஓடிடி தொடரில் ஒரு காட்சி எல்லை மீறிவிட்டதாகத் தோன்றினால், பலருக்கும் இரண்டே வழிகள்தான் நினைவுக்கு வருகின்றன. ஒன்று சமூக ஊடகத்தில் திட்டுவது, மற்றது காவல் நிலையத்துக்குப் போவது. இவற்றுக்கு நடுவே மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. 2021 பிப்ரவரி 25 அன்று அறிவிக்கப்பட்ட தகவல் தொழில்நுட்ப விதிகள் உருவாக்கிய மூன்றடுக்குப் புகார் முறைதான் அது. இதற்கு வக்கீல் தேவையில்லை. வயது வகைப்பாடு, எச்சரிக்கைக் குறிப்பு, பெற்றோர் பூட்டு ஆகிய மூன்றில் எதில் தவறு நடந்திருந்தாலும் இது நல்ல சேவை. காட்சியையே வெட்ட வைக்க வேண்டும் என்று போகிறவர் வெறுங்கையோடு திரும்புவார். கருத்துச் சுதந்திரத்தின் பக்கம் நின்று பார்த்தால், இந்த வரம்பே இச்சேவையின் பெரிய பலம்.

முதல் அடுக்கில் இருப்பது தளத்தின் குறைதீர் அதிகாரி. அவர் இந்தியாவிலிருந்து பணியாற்றுபவராக இருக்க வேண்டும். அவருடைய பெயரும் தொடர்பு விவரமும் தளத்தில் இருக்க வேண்டும். செயலியின் முகப்பில் தேடிக் களைத்துப்போக வேண்டாம். இணையதளத்தின் அடிப்பகுதியில், சட்டக் குறிப்புகளோடு சேர்ந்து கிடக்கும் இணைப்புகளில் பாருங்கள். வாடிக்கையாளர் சேவை அரட்டைப் பெட்டியில் எழுதுவது இந்த விதியின் கீழான புகாராக எடுத்துக்கொள்ளப்படாமல் போகலாம். புகார்கள் வழிதவறுவது இங்கேதான். சரியான முகவரிக்குப் போன புகாருக்கு 24 மணி நேரத்தில் ஒப்புகை வர வேண்டும், 15 நாளில் முடிவு வர வேண்டும். ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள், மேல்முறையீட்டுக்கு அதுதான் ஆதாரம். ஒளிபரப்பிய உள்ளடக்கத்தின் பதிவைத் தளம் குறைந்தது 60 நாள் வைத்திருந்தால் போதும் என்பதால், பார்த்த கையோடு எழுதுவது நல்லது.

என்ன எழுதுகிறோம் என்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. ‘ஒரே ஆபாசம், குடும்பத்தோடு பார்க்க முடியவில்லை’ என்ற வரியை வைத்துக்கொண்டு எந்த அதிகாரியும் எதுவும் செய்ய முடியாது. விதிகளின் பிற்சேர்க்கையில் யு, யு/ஏ 7+, யு/ஏ 13+, யு/ஏ 16+, ஏ என்று ஐந்து வகைகள் உள்ளன. கரு, வன்முறை, நிர்வாணம், பாலுறவு, மொழி, போதைப்பொருள், திகில் ஆகியவற்றை வைத்து வகை தீர்மானிக்கப்படுகிறது. ஆகவே தொடரின் பெயர், சீசன், எபிசோடு, காட்சி தொடங்கும் நிமிடம், நொடி, பார்த்த மொழி, திரையில் காட்டிய வயதுக் குறி, நீங்கள் சரி என்று கருதும் குறி என எல்லாவற்றையும் எழுதுங்கள். மொழியைக் குறிப்பிடுவது முக்கியம். மூலத்தில் மென்மையாக இருந்த வசனம் தமிழ் டப்பிங்கில் கொச்சையாகியிருக்கலாம், எதிர்மாறாகவும் நடக்கலாம். தொடக்கத்தில் வயதுக் குறியோடு உள்ளடக்கக் குறிப்பும் வர வேண்டும் என்பது விதி. யு/ஏ 13+ முதல் மேலே உள்ள எல்லாவற்றுக்கும் பூட்டு வசதி இருக்க வேண்டும். ஏ வகைக்கு நம்பகமான வயதுச் சரிபார்ப்பு தேவை. இவற்றில் எது இல்லை என்று திரைப்பிடிப்போடு காட்டும் புகாரைத் தட்டிக்கழிப்பது கடினம். ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: தியேட்டரில் வாங்கிய தணிக்கைச் சான்றிதழைக் காட்டி வாதாட வேண்டாம். ஓடிடி வகைப்பாட்டைத் தளமே செய்கிறது, தணிக்கை வாரியம் அல்ல.

15 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ இரண்டாம் அடுக்கு. தளங்கள் சேர்ந்து அமைத்துக்கொண்ட சுய ஒழுங்குமுறை அமைப்பு இது. தலைமையில் ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற அல்லது உயர் நீதிமன்ற நீதிபதியோ, சார்பற்ற அறிஞர் ஒருவரோ இருப்பார். முடிவு கிடைத்த 15 நாளுக்குள் முறையிட வேண்டும். எச்சரிக்கை, கண்டிப்பு, மன்னிப்புக் கேட்கச் சொல்வது, வயதுக் குறியை மாற்றுவது, குறிப்பையும் கதைச்சுருக்கத்தையும் திருத்துவது ஆகியவை இதன் அதிகாரங்கள். நீக்கம் என்றால் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்குப் பரிந்துரைக்கத்தான் முடியும். அதுவும் பொது ஒழுங்கு, நாட்டின் பாதுகாப்பு போன்ற, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவு சொல்லும் காரணங்களுக்கு மட்டும். அந்தப் பட்டியலில் ஆபாசம் இல்லை. புகார் எழுதும் பலர் இதைத் தெரிந்துகொள்ளாமல் ‘உடனே நீக்குக’ என்று மட்டும் கேட்டுவிட்டு, கிடைத்திருக்கக்கூடிய வயதுக் குறி மாற்றத்தையும் கோட்டைவிடுகிறார்கள்.

மூன்றாம் அடுக்குதான் இந்தச் சேவையின் பலவீனம். தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் அமைக்கும் துறைகளுக்கிடையிலான குழு அது. உள்துறை, பாதுகாப்பு, வெளியுறவு உள்ளிட்ட அமைச்சகங்களின் பிரதிநிதிகள் அதில் உண்டு. அரசை விமர்சிக்கும் படைப்பின் மேல் கடைசி வார்த்தை சொல்லும் இடத்தில் அரசே உட்காருவதை ஏற்க முடியாது. செய்தித் தளங்களும் இதே ஏற்பாட்டுக்குள் கொண்டுவரப்பட்டதால் அவற்றை நடத்துபவர்கள் நீதிமன்றம் வரை போனார்கள். 2021 ஆகஸ்ட்டில் பம்பாய் உயர் நீதிமன்றம், நெறிமுறைகளைப் பின்பற்றுவதையும் மூன்றடுக்கு முறையையும் பற்றிய விதி 9இன் (1), (3) உட்பிரிவுகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. அடுத்த மாதமே சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடை நாடு முழுவதற்கும் பொருந்த வேண்டும் என்றது. அதன் பிறகும் பெரிய ஓடிடி நிறுவனங்கள் குறைதீர் அதிகாரிகளை வைத்திருக்கின்றன. முதல் இரண்டு அடுக்குகளைப் பயன்படுத்தலாம்.

காவல் நிலையத்துக்கே போகலாமே என்பவர்கள் சட்டம் எதை ஆபாசம் என்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். இணைய உள்ளடக்கத்துக்குப் பொருந்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஆம் பிரிவு: முதல் குற்றத்துக்கு 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். வெளிப்படையான பாலுறவுக் காட்சிக்கு 67ஏ, 5 ஆண்டும் 10 லட்சமும். கலைஞர் ஒருவரின் வாழ்க்கையையே முடக்கிவிடக்கூடிய தண்டனைகள் இவை. அதனால்தான் நீதிமன்றங்கள் அளவுகோலை உயர்த்திக்கொண்டே வந்திருக்கின்றன. 1868இல் இங்கிலாந்து வழக்கொன்றில் பிறந்த ஹிக்ளின் சோதனை, எளிதில் கெட்டுப்போகக்கூடிய மனதை வைத்துப் படைப்பை எடைபோட்டது. 2014இல் அவீக் சர்க்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைக் கைவிட்டு, சமகாலச் சமூகத்தின் சராசரி மனிதர் எப்படிப் பார்ப்பார் என்பதை எடுத்துக்கொண்டது. 2024 மார்ச்சில் ஒரு வெப் தொடர் மீதான 67, 67ஏ வழக்கை ரத்துசெய்தபோது, கெட்ட வார்த்தையும் கொச்சைப் பேச்சும் தன்னளவில் ஆபாசம் ஆகாது என்றும் சொன்னது. ஆகவே வசவு வசனத்துக்குக் காவல்துறை வழி பொருத்தமில்லை. ‘மொழி’ என்ற தலைப்பில் வயதுக் குறி மாற்றம் கேட்பதே சரி.

குழந்தைகள் தொடர்பான பாலியல் உள்ளடக்கத்தில் இந்தப் பொறுமைக்கு இடமில்லை. இந்தச் சேவையை விட்டுவிட்டு மத்திய அரசின் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்துக்குப் போங்கள். பெயர் சொல்லாமலும் அங்கே தெரிவிக்கலாம். ஆதாரத்துக்கு என்று நகல் எடுத்து வைக்கவே கூடாது. அத்தகைய பொருளை அழிக்காமலும் புகார் செய்யாமலும் வைத்திருப்பது போக்சோ சட்டத்தின் 15ஆம் பிரிவில் குற்றமாகலாம் என்று 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. சாதாரண ஓடிடி புகாரிலும் காட்சியின் துண்டை வாட்ஸ்அப்பில் சுற்றுக்கு விடாதீர்கள். பரப்புகிறவர் மீதும் 67ஆம் பிரிவு பாயலாம். நிமிடக் கணக்கே போதுமான ஆதாரம்.

தளங்கள் வந்த புகார்களையும் எடுத்த நடவடிக்கையையும் மாதந்தோறும் அறிக்கையாக வெளியிட வேண்டும். புகார் அனுப்பும் முன் அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். நீங்கள் புகார் அனுப்பிய மாதத்தின் அறிக்கையில் அந்தப் புகார் இடம்பெறவில்லை என்றால், மேல்முறையீட்டில் ஒப்புகையோடு அதையும் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள்.