எம்1 மேக்புக் ஏரில் ஃபெடோரா அசாஹி ரீமிக்ஸ்: காதால் எழுதிய மதிப்புரை

பேட்டிகளின் ஒலிப்பதிவைக் கேட்டு எழுத்தாக்குவது என் தொழில். அதனால் எந்த மடிக்கணினியிலும் நான் முதலில் சோதிப்பது ஸ்பீக்கரைத்தான். ஆப்பிளின் எம்1 சிப் கொண்ட மேக்புக் ஏரில், அவ்வகை மேக்குகளுக்கான லினக்ஸ் இயங்குதளமான ஃபெடோரா அசாஹி ரீமிக்ஸை நிறுவியதும், மெல்லிய குரலில் பேசும் ஒரு முதியவரின் பேட்டியை ஓடவிட்டேன். சொற்களின் கடைசி எழுத்து வரை தெளிவாகக் கேட்டது. லினக்ஸ் ஓடும் வேறெந்த மடிக்கணினியிலும் இவ்வளவு நல்ல ஒலியை நான் கேட்டதில்லை.

இந்த ஒலிக்குப் பின்னால் இருக்கும் பொறுப்புணர்ச்சியை விரிவாகவே சொல்ல வேண்டும். இவ்வகை மடிக்கணினிகளில் ஸ்பீக்கரைக் காப்பது மென்பொருளின் வேலை. முழுச் சக்தியையும் தொடர்ந்து செலுத்தினால் உள்ளிருக்கும் சிறிய கம்பிச்சுருள் சூடேறிக் கருகிவிடும். ஸ்பீக்கரை இயக்கும் டிரைவர் நிரல் கிடைத்ததுமே ஒலியைத் திறந்துவிட்டு, மேக்கில் லினக்ஸை ஓடவைக்கும் அசாஹி குழு பெயர் வாங்கியிருக்கலாம். அப்படிச் செய்யாமல், பாதுகாப்பு நிரல் தயாராகும் வரை ஸ்பீக்கரைப் பூட்டியே வைத்திருந்தார்கள். இப்போது ஆம்ப்ளிஃபையர் தரும் மின்னழுத்த, மின்னோட்ட அளவுகளைக் கொண்டு அந்த நிரல் சுருளின் வெப்பத்தைக் கணக்கிடுகிறது. எல்லை நெருங்கினால் ஒலியைக் குறைக்கிறது. நிரல் நின்றுபோனால், இயங்குதளத்தின் மையமான கெர்னலே ஒலியைப் பாதுகாப்பான அளவுக்கு இறக்கிவிடும். இதற்கும் மேலே, ஒவ்வொரு மாடலின் ஸ்பீக்கரையும் மைக் வைத்து அளந்து, அதற்கென்றே ஒலிவடிகட்டி அமைத்திருக்கிறார்கள். ஆதரவு என்ற சொல்லுக்கு இதுதான் தகுதியான தரம் என்பேன்.

இத்தனைக்கும் ஆப்பிள் இந்த வன்பொருளுக்கு ஆவணம் எதையும் வெளியிடவில்லை. வேறொரு கெர்னலை ஏற்றுவதை மட்டும் தடுக்கவில்லை. ஹெக்டர் மார்ட்டின் தொடங்கிய அசாஹி திட்டம் அந்த ஒரு வாசல் வழியாகத்தான் நுழைந்தது. எம்1என்1 என்ற சிறிய துவக்கநிரலை எழுதி, அதன் மேல் ஆப்பிளின் இயங்குதளமான மேக்ஓஎஸ்ஸையே ஓடவிட்டு, அது வன்பொருளைக் கட்டுப்படுத்தும் எந்த ரெஜிஸ்டரில் எந்த மதிப்பை எழுதுகிறது என்று பதிவுசெய்து படித்தார்கள். 2021 ஜூனில் வந்த லினக்ஸ் 5.13இல் எம்1 ஆதரவு முதன்முதலாகச் சேர்ந்தது; அப்போது கிராஃபிக்ஸ் முடுக்கம் கிடையாது. பிறகு அசாஹி லினா என்ற நிரலாளர் கிராஃபிக்ஸ் டிரைவரின் கெர்னல் பக்கத்தை ரஸ்ட் என்ற நிரல்மொழியில் எழுத, அலிஸ்ஸா ரோசன்ஸ்வெய்க் செயலிகளோடு பேசும் பயனர் பக்கத்தை எழுதினார். 2024 பிப்ரவரியில் ஓப்பன்ஜிஎல் என்ற கிராஃபிக்ஸ் தரநிலையின் 4.6 பதிப்புக்கான தரச்சான்று கிடைத்தது. மேக்ஓஎஸ் 4.1உடன் நின்றுவிட்டது என்பதை நினைத்தால் இதன் அருமை புரியும்.

நிறுவுவது எளிது. மேக்ஓஎஸ் டெர்மினலில் ஒரு கட்டளை, சில கேள்விகள், இடையே பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து ஒரு மறுதுவக்கம். மேக்ஓஎஸ்ஸை அழிக்காதீர்கள், ஃபர்ம்வேர் எனப்படும் வன்பொருளின் உள்நிரலுக்கான புதுப்பிப்புகள் அதன் வழியேதான் வருகின்றன.

குறைகளைத் திட்டமே தன் ஆதரவுப் பட்டியலில் மாடல் வாரியாக வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறது. கைரேகை உணரி வேலை செய்யாது. தண்டர்போல்ட் என்ற அதிவேக இணைப்பில் இயங்கும் கருவிகளை நம்பி இருப்பவர்களுக்கு இது ஏற்றதல்ல. மூடி வைத்திருக்கும்போது மேக்ஓஎஸ்ஸைவிடக் கூடுதலாக பேட்டரி கரையும். இரவில் நான் அணைத்தே வைக்கிறேன். நினைவகம் 16 கிலோபைட் பக்கங்களாகப் பிரிக்கப்படுவதால், 4 கிலோபைட்டையே எதிர்பார்த்து எழுதிய சில பழைய மென்பொருள்கள் தடுமாறும். என் ஒலித்தொகுப்புக் கருவிகளுக்கு அந்தச் சிக்கல் வரவில்லை.

எழுத்து, நிரலாக்கம், ஒலி சார்ந்த வேலை செய்பவர்களுக்குத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். இதன் நிறுவல் மென்பொருள் எம்1, எம்2 சிப் வரிசைகளுக்கானது. இதற்காகவே பழைய மேக்புக் வாங்குவதாக இருந்தால், உங்களுக்கு இன்றியமையாத உறுப்பு அந்தப் பட்டியலில் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.