மைசூர் அரண்மனை விளக்கு பார்க்கப் போறீங்களா? கார் சாவியை யாரிடமும் கொடுக்காதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மைசூர் அரண்மனையைப் படம் எடுக்கக் காரில் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வெளியூர் நம்பர் பிளேட்டைப் பார்த்ததும் கை காட்டி வண்டியை ஓரங்கட்டச் சொல்கிற ஆட்கள் அந்தச் சுற்றுவட்டாரத்தில் இருக்கிறார்கள். பார்க்கிங் ஆள், எண்ணெய்க் கடை, பில் போடுகிறவர் என்று எல்லாரும் ஒரே கூட்டணி. எங்களுக்கு நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

மே மாத விடுமுறை. ஈரோட்டிலிருந்து நானும் வீட்டுக்காரரும் குடகுக்குக் கிளம்பினோம். சத்தியமங்கலம், பண்ணாரி, திம்பம், சாமராஜநகர் வழி. திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவு, முன்னால் ஒரு லாரி. அந்தக் கதை வேண்டாம். மைசூரில் தங்குகிற திட்டமே இல்லை, மடிக்கேரியில் அறை போட்டாகிவிட்டது. நடுவில் ஒரு மணி நேரம் நிறுத்தி விளக்கு எரிகிற அரண்மனையைப் படம் எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்பதுதான் கணக்கு. கேமரா என்னுடையது, ஸ்டியரிங் அவருடையது.

இந்தப் படத்துக்கு நேரம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நாங்கள் எதை இழந்தோம் என்பது புரியாது. ஞாயிற்றுக்கிழமையும் அரசு விடுமுறை நாட்களிலும் சாயங்காலம் ஏழு மணிக்கு விளக்கு போடுவார்கள். முக்கால் மணி நேரம், சில நாள் இன்னும் கொஞ்சம் கூட. தூரத்திலிருந்து வெளிச்சம் பாய்ச்சுகிற ஏற்பாடு இல்லை அது. கோபுரம், வளைவு, மாடம் என்று கட்டடத்தின் விளிம்பு விளிம்பாக பல்பு வரிசை, மொத்தம் 97,000 என்பார்கள். மே மாதத்தில் அங்கே சூரியன் மறைவது ஆறே முக்காலை ஒட்டி. ஆக ஏழு மணிக்கு விளக்கு விழும்போது வானம் இன்னும் கருநீலமாக இருக்கும். மஞ்சள் பல்பும் நீல வானமும் சேர்ந்து நிற்பது ஒரு கால் மணி நேரம்தான். அதற்கப்புறம் வானம் சுத்தமாகக் கறுத்துவிடும். கோபுரத்தின் உருவம் தெரியாமல் வெறும் பல்புப் புள்ளிகள்தான் படத்தில் விழும்.

ஆறு மணி சுமாருக்கு அரண்மனைப் பக்கம் வந்து சேர்ந்தோம். போக்குவரத்து நெரிசல். சிவப்பு ரசீதுப் புத்தகமும் விசிலுமாக ஒருத்தர் கண்ணாடியைத் தட்டினார். "அண்ணா, டிஎன் 33, ஈரோடுதானே? நம்மூர் வண்டி. உள்ளே ஃபுல்லுண்ணா, போலீஸ் விடமாட்டாங்க. வாங்க, நான் இடம் காட்டறேன்." நல்ல தமிழ். இரண்டு தெரு தள்ளி ஒரு காலி மனைக்குக் கூட்டிப் போனார். ஏற்கெனவே ஐந்தாறு கார் நின்றது, அதனால் சந்தேகம் வரவில்லை. 200 ரூபாய். ரசீதில் கன்னடத்தில் ஏதோ அச்சடித்திருந்தது, வண்டி நம்பரைக் கையால் எழுதிக் கொடுத்தார். அப்புறம், "சாவி குடுத்துட்டுப் போங்கண்ணா, பின்னாடி வண்டி வந்தா நகர்த்தணும்" என்றார். சென்னையில், கோவையில் நெருக்கமான பார்க்கிங்கில் நடப்பதுதானே? வீட்டுக்காரர் கொடுத்துவிட்டார்.

சாவி கை மாறிய பிறகுதான் அடுத்த செய்தி வந்தது. "இன்னிக்கு விளக்கு எட்டு மணிக்குத்தான். மந்திரி வர்றார்." இந்தப் பொய்யை நன்றாக யோசித்துத்தான் தயாரித்திருக்கிறார்கள். மற்ற நாட்களில் ஏழு மணிக்கு ஒலி-ஒளிக் காட்சி நடக்கும், அது முடிந்து எட்டு மணி வாக்கில்தான் கொஞ்ச நேரம் விளக்கு எரியும். யாராவது போனில் தேடிப் பார்த்தாலும் எட்டு மணி என்று எங்காவது கண்ணில் படும். "அதுவரைக்கும் என்ன பண்ணப் போறீங்க? நம்ம கடை மொட்டைமாடியிலிருந்து அரண்மனை முழுசாத் தெரியும். கேமரா வச்சிருக்கீங்களே அக்கா, அங்கேயிருந்து எடுங்க. காசு எதுவும் வேண்டாம்."

மொட்டைமாடிக்கு வழி கடைக்குள்ளே. கடை என்றால் சந்தன எண்ணெய், ஊதுபத்தி, அத்தர். மாடிக் கதவுச் சாவி கொண்டுவரப் பையன் போயிருக்கிறான் என்று உட்கார வைத்தார்கள். காபி வந்தது. ஒரு அம்மா பலகையில் கரித்தூள் மாவை உருட்டி, மூங்கில் குச்சியில் ஒரே இழுப்பில் ஊதுபத்தி திரித்துக் காட்டினார். கடைக்காரர் கண்ணாடிக் குச்சியால் என் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை மல்லிகை, தாமரை, சந்தனம் என்று வரிசையாகத் தொட்டு வைத்தார். கூடவே வரலாறு. பழைய மர அரண்மனை 1897-இல் தீப்பிடித்து எரிந்துபோனது, இப்போது இருப்பதை 1912-இல் கட்டி முடித்தார்கள், வரைபடம் போட்டவர் ஹென்றி இர்வின், உங்கள் சென்னை உயர் நீதிமன்றக் கட்டட வேலையிலும் அவர் பெயர் உண்டு. சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. இவ்வளவு சரியாகப் பேசுகிற மனிதர் எட்டு மணி என்பதை மட்டும் பொய்யாகச் சொல்வார் என்று யாருக்குத் தோன்றும்?

சந்தன எண்ணெய் 350 ரூபாய் என்றார். சின்னக் குப்பியைக் காட்டித்தான் சொன்னார். சரி, அம்மாவுக்கு ஒன்று, மாமியாருக்கு ஒன்று. பெரிய பாட்டிலிலிருந்து புனல் வைத்து இரண்டு 10 மில்லிக் குப்பியில் ஊற்றி, மெழுகு போல ஏதோ உருக்கி மூடியில் சீல் வைத்தார். பில் 7,000 ரூபாய். என்னங்க இது என்றால், 350 என்பது ஒரு மில்லிக்காம். "ஊத்தி சீல் வச்சாச்சு மேடம், திரும்ப எடுக்க முடியாது."

இங்கே ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். உண்மையான சந்தன எண்ணெய் கிலோ ஒரு லட்ச ரூபாய்க்கு மேல் போகும். அதனால் 10 மில்லி 350 ரூபாய்க்கு யாராலும் கொடுக்க முடியாது. ஒரு மில்லி 350 என்றால் விலை மட்டும் உண்மைச் சரக்குக்குரிய விலை போலவே இருக்கும், குப்பிக்குள் இருப்பதுதான் வேறு. எங்கள் குப்பியின் வாசனை ஹுன்சூர் தாண்டுவதற்குள் போய்விட்டது. கையில் மிச்சம் இருந்தது வெறும் பிசுபிசுப்பு. மைசூரில் அரசு சந்தன எண்ணெய் ஆலை நூறு வருஷத்துக்கு மேலாக இருக்கிறது. சந்தனம் வேண்டும் என்றால் அரசு விற்பனைக் கடையில் அச்சடித்த விலையும் பில்லுமாக வாங்குங்கள்.

வாக்குவாதம் ஆரம்பித்தபோது மணி ஏழேகால். தெருவில் ஜனங்கள் அரண்மனைப் பக்கம் வேகமாகப் போவது கடை வாசல் வழியே தெரிந்தது. நான் எழுந்து வெளியே வந்து பூக்காரம்மாவிடம் கேட்டேன். மைசூர் மல்லிகையை முழம் போட்டுக்கொண்டே, "ஏழுக்கே போட்டாங்களே தாயி, இன்னும் போகலியா?" என்றார். உள்ளே வந்து சொன்னால் கடைக்காரர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. மந்திரி நேரத்தோடு வந்துவிட்டாராம்.

சரி, எண்ணெய் வேண்டாம், கிளம்புகிறோம் என்றால் கார் சாவி? காலி மனையில் விசில் ஆள் இல்லை. அவருடைய நம்பர் கடைக்காரரிடம்தான் இருக்கிறது. "பில் முடிச்சிட்டுப் போங்க சார், அவனைக் கூப்பிடறேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். மிரட்டல் இல்லை, குரல் உயரவில்லை, கதவைச் சாத்தவில்லை. போலீசில் போய்ச் சொன்னால்கூட எதைச் சொல்வது என்கிற மாதிரி. கடைசியில் பேரம் பேசி, ஒரு குப்பி மட்டும் என்று 2,000 ரூபாய் ஜிபே பண்ணினோம். பணம் போன பெயர் கடைப் பெயர் இல்லை, யாரோ ஒரு தனி நபர். பணம் விழுந்த இரண்டாவது நிமிடம் சாவி வந்தது. மாடிக் கதவுச் சாவிதான் வரவேயில்லை.

கிழக்கு வாசலுக்கு ஓடிப்போய்ச் சேர்ந்தபோது ஏழு நாற்பது. வானம் கறுத்துவிட்டது. கூட்டத்தின் தலைக்கு மேல் கேமராவைத் தூக்கி நாலைந்து படம். அதற்குள் மொத்த விளக்கும் அணைந்தது.

வாசலில் நின்ற போலீஸ்காரரிடம் சொன்னோம். நல்ல மனிதர், கூடவே நடந்து வந்தார். காலி மனையில் யாரும் இல்லை. அது பார்க்கிங்கே கிடையாது, யாருடைய மனையோ என்றார். ரசீதிலும் பெயரோ முகவரியோ இல்லை. கடைக்காரர் போலீசைப் பார்த்ததும் 1,000 ரூபாயை எடுத்து நீட்டினார், எண்ணெயை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று பெருந்தன்மை வேறு. எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும் என்றால் ஸ்டேஷனுக்கு வரவேண்டும், அப்படியென்றால் மடிக்கேரி போக நடுராத்திரி ஆகிவிடும். வாங்கிக்கொண்டு கிளம்பினோம். ஊருக்கு வந்தபிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பில்லையும் ஜிபே விவரத்தையும் கொடுத்துப் பதிவு செய்திருக்கிறேன். பில் கேட்டு வாங்கியிருந்ததால்தான் அதுவாவது முடிந்தது.

நீங்கள் போவதாக இருந்தால், கிழக்குப் பக்கம் பொருட்காட்சித் திடலை ஒட்டி கார் நிறுத்த இடம் இருக்கிறது, தெற்கே வராக வாசல் பக்கமும் உண்டு. வழியில் யார் 'ஃபுல்' என்று சொன்னாலும் நேராக வாசல் வரை போய், அங்கே நிற்கிற காவலரிடம் கேளுங்கள். விளக்கு நேரத்தையும் அவரிடமே கேளுங்கள். வண்டியை நகர்த்த வேண்டுமென்றால் உங்களில் ஒருவர் வந்து நகர்த்துவதாகச் சொல்லுங்கள், அதற்கு ஒத்துக்கொள்ளாத இடத்தில் நிறுத்தாதீர்கள். ஆறரைக்கே கிழக்கு வாசலுக்கு எதிரே நின்றுவிட்டால் முன்வரிசை கிடைக்கும். தசரா பத்து நாளும் சாயங்காலம் விளக்கு உண்டு, கூட்டமும் அதற்குத் தக்கபடி இருக்கும். போன தசராவுக்குப் போன என் நாத்தனாரிடம் இதைச் சொன்னபோது, "சிவப்பு ரசீதுப் புத்தகமா?" என்று அவரே கேட்டார். அவர்களுக்கும் எட்டு மணிதான் சொல்லியிருக்கிறார்கள். அந்தத் தடவை வந்தது மந்திரி இல்லை, கவர்னராம்.