அப்போஸ்தலர் கரண்டியா, சீல் டாப்பா?

16, 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து வெள்ளிக் கரண்டி வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் வந்து நிற்பது இந்த இரண்டில்தான். ஒன்று, காம்பு நுனியில் இயேசுவின் சீடர் ஒருவர் நிற்கும் அப்போஸ்தலர் கரண்டி. மற்றது, தட்டையான வட்டத் தலை கொண்ட சீல் டாப். நான் வாங்கியது முன்னதை. இன்று கேட்டாலும் அதையே சொல்வேன்.

அத்திப்பழ வடிவக் குழியும் அடித்து நீட்டிய காம்பும் இரண்டுக்கும் பொது. சீல் டாப் விலை குறைவு, தேடினால் கிடைக்கும். தலையில் உரிமையாளரின் முதலெழுத்துகள் குத்தியிருக்கும். அவ்வளவுதான்.

அப்போஸ்தலர் கரண்டி, ஞானஸ்நானத்துக்கு ஞானப் பெற்றோர் கொடுத்த பரிசு. வசதியுள்ளவர்கள் 12 சீடர்களோடு இயேசுவையும் சேர்த்து 13 கொடுத்தார்கள், மற்றவர்கள் ஒன்றிரண்டு. பிரிட்டிஷ் மியூசியத்தின் 1536ஆம் ஆண்டு வரிசையில் 13ஆவதாக இருப்பவர் மரியாள். ஒவ்வொரு சீடரின் கையிலும் அவரை அடையாளம் காட்டும் சின்னம் ஒன்று இருக்கும்: பேதுருவுக்குச் சாவி, பர்த்தலமேயுவுக்கு அவரைத் தோலுரித்த கத்தி. தோமாவின் ஈட்டிக்கு, அவர் பரங்கிமலையில் ஈட்டியால் குத்தப்பட்டு இறந்த கதை தெரிந்த நமக்கு விளக்கம் வேண்டாம். லண்டன் வேலைப்பாட்டில் பல உருவங்களின் ஒளிவட்டத்தில் தூய ஆவியின் புறாவும் உண்டு. விரலளவுகூட இல்லாத உருவத்தில் இத்தனை நம்பிக்கையை வார்த்திருக்கிறார்கள்!

ஆனால் வாங்குவதா வேண்டாமா என்பதைத் தீர்மானிப்பது போலி பற்றிய பயம்தான். சீல் டாப்பின் தலையை வெட்டிவிட்டுச் சீடரை ஒட்டியவர்கள் உண்டு. 18ஆம் நூற்றாண்டுச் சாதாரணக் கரண்டியைத் தட்டி உருமாற்றியவர்களும் உண்டு. உருவத்தின் அழகில் மயங்காமல் முதலில் குழிக்குள் பாருங்கள். பழைய லண்டன் கரண்டியில் காம்பை ஒட்டி, குழியின் உட்புறத்தில் சிறுத்தைத் தலை ஹால்மார்க் இருக்கும். மற்றவை காம்பின் பின்புறத்தில். எல்லா ஹால்மார்க்கும் காம்பின் அடியில் நெருக்கியடித்து, நசுங்கித் தெரிந்தால் அது பிற்காலக் கரண்டி. அடுத்து, உருவமும் காம்பும் சேரும் இடம். லண்டனில் V வடிவில் வெட்டிப் பொருத்துவார்கள். வெளியூர்ப் பட்டறைகளில் ஒன்றன்மேல் ஒன்று படியவைத்துப் பற்றவைப்பார்கள். வெளியூர்க் கரண்டிகளை நான் கையில் எடுத்துப் பார்த்தது குறைவு. அவற்றுக்கு அனுபவசாலி ஒருவரைக் கூட அழைத்துச் செல்லுங்கள்.

கைச்சின்னம் உடைந்துபோன உருவத்தை வாங்காதீர்கள். சாவியோ ஈட்டியோ போய்விட்டால் அவர் யாரென்றே தெரியாது. பொருத்திய இடத்தில் சந்தேகம் வந்தால், அதே காசுக்கு நல்ல சீல் டாப் ஒன்றை எடுத்துக்கொள்வதே மேல்.