வேலூர் வெயிலுக்குக் கராத்தே டிரஸ்: 8 அவுன்ஸா, 12 அவுன்ஸா?

வேலூரில் பிள்ளையைக் கராத்தேயில் சேர்த்ததும் வாங்கச் சொல்லும் வெள்ளை டிரஸ் பெரும்பாலும் இரண்டு ரகம்: 8 அவுன்ஸ் டெரிகாட்டன், 12 அவுன்ஸ் முழுப் பருத்தி கேன்வாஸ். அவுன்ஸ் என்பது துணியின் கனத்தைச் சொல்லும் அளவு. புதிதாகச் சேர்ந்த பிள்ளைக்கு 8 அவுன்ஸே போதும்.

12 அவுன்ஸில் குத்து விட்டால் ‘பட்’டென்று சத்தம் வரும், கட்டா போட்டியில் (எதிராளி இல்லாமல் வரிசையாக அசைவுகளைச் செய்து காட்டுவது) எடுப்பாக இருக்கும். ஆனால் அக்னி நட்சத்திரத்தில் கோட்டை மைதானத்தில் போட்டுக்கொண்டு நின்றால் அரை மணியில் வியர்வை குடித்துக் கனத்துவிடும். தோள் இழுக்கும், கை முழுசாக நீளாது.

கனமானதுதான் அசல் என்று சொல்லி விற்பார்கள். அப்படியில்லை. கராத்தே ஆசான், ஒகினாவாக்காரரான கிச்சின் ஃபுனாகோஷி 1922-இல் டோக்கியோவில் கராத்தே செய்து காட்டப் போன காலத்தில் கராத்தேக்கென்று தனி உடுப்பே கிடையாது. ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோவின் ஜூடோ உடையை ஒட்டித்தான் கராத்தே டிரஸ் வந்தது. ஜூடோவில் சட்டையைப் பிடித்து இழுத்துத் தூக்கிப் போடுவார்கள், அதற்குத் தடித்த நெசவு வேண்டும். கராத்தேயில் குத்தும் உதையுமே அதிகம். துணி மெலிந்ததற்குக் காரணம் அதுதான். கறுப்பு பெல்ட்டும் கானோ வழியில் வந்ததே. ஃபுனாகோஷி தம் மாணவர்களுக்கு அதை முதலில் கொடுத்தது 1924-இல்.

டிரஸ்ஸில் உள்ள எண் பெரும்பாலும் பிள்ளையின் உயரம், சென்டிமீட்டரில். முழுப் பருத்தி என்றால் ஒரு சைஸ் கூட்டி வாங்கி, ராத்திரி முழுக்கப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்த பிறகே கைநீளம் மடித்துத் தைக்க வேண்டும். முதலிலேயே தைத்தால் இரண்டு சலவையில் மணிக்கட்டு தாண்டி மேலே ஏறிவிடும். பேன்ட்டைத் திருப்பிப் போட்டுக் கவட்டைப் பாருங்கள்: தனித் துண்டு வைத்து இரட்டைத் தையல் இல்லாவிட்டால் உயர உதைக்கும்போது அங்கேதான் கிழியும். எலாஸ்டிக்கோடு நாடாவும் இருப்பது நல்லது. நாடா முனையில் முடிச்சுப் போட்டுவிடுங்கள், இல்லையேல் உள்ளே ஓடிவிடும். பெல்ட் இடுப்பை இரண்டு சுற்றுச் சுற்றி முடிந்தபின் இருபக்கமும் ஒரு சாண் தொங்கினால் அளவு சரி.

போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் துணியிலேயே படிந்து வெள்ளை சாம்பல் பூக்கும். கடைசி அலசலாவது காவிரித் தண்ணீரில் இருக்கட்டும். பிளீச் போட்டால் டெரிகாட்டன் மஞ்சளிக்கும், பருத்தி இற்றுப்போகும்.

நெஞ்சில் இருக்கும் ஷோட்டோகான் (ஃபுனாகோஷி வழிக் கராத்தே) புலி, ஓவியர் கோசுகி ஹோவான் ஃபுனாகோஷிக்காக வரைந்தது. அயர்ன் பண்ணி ஒட்டிய புலி நாலு சலவையில் வால் உரிந்துவிடும். எம்பிராய்டரி போட்டதாகக் கேட்டு வாங்குங்கள்.